பக்கம் 212இல் இருந்த அப்பா

அக்காவின் குரலைக் கேட்காதவர்கள் எங்கள் ஊரில் இருக்க முடியாது. முப்பத்தோரு வருடம் ரயில் நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்தவர். வண்டி மூன்று மணி நேரம் தாமதம் என்பதைக்கூட ஏதோ கல்யாணச் சேதி சொல்வதுபோலச் சொல்வார். கேட்கிறவனுக்குக் கோபம் வராது. ஓய்வு பெற்ற மறு வாரமே எங்கள் நூலகத்துக்கு வந்து, "குரல் வீட்ல சும்மா கிடக்கு. உங்களுக்கு எதுக்காவது ஆகுமா?" என்று கேட்டார்.

எங்களுடையது பார்வையற்றோருக்கான நூலகம். மூன்றாவது மாடியில், சுவரெல்லாம் பஞ்சு அட்டை ஒட்டிய சின்ன அறை. நடுவில் கண்ணாடித் தடுப்பு. அந்தப் பக்கம் மைக், மேசை விளக்கு, ஒரு தம்ளர் தண்ணீர். இந்தப் பக்கம் கணினியோடு நான். அக்கா புத்தகத்தை வாசிப்பார். நான் பதிவு செய்து, இருமலையும் பக்கம் புரட்டும் சத்தத்தையும் வெட்டியெடுத்துவிட்டுக் கேட்பவர்களுக்கு அனுப்புவேன். மின்விசிறி போட்டால் மைக்கில் கேட்கும் என்பதால் வெயில் காலத்தில் அந்த அறை இட்லிப் பானை மாதிரி இருக்கும். அக்கா ஒரு நாளும் முணுமுணுத்ததில்லை.

எங்களிடம் அதிகம் கேட்கப்படுவது நாவல்கள் இல்லை. வரலாறும் வாழ்க்கை வரலாறும்தான். பாடப்புத்தக வரலாறு அல்ல. பாலம் கட்டியவர், கடலை அளந்தவர், நோயை விரட்டியவர் என்று யாரையாவது பிடித்துக்கொண்டு, நம் கையையும் பிடித்து இழுத்துக்கொண்டு போகிற ரகம். அக்காவுக்கும் அதில்தான் ருசி. அதிலும் இரண்டு பிடிவாதங்கள் வைத்திருந்தார். ஒன்று, அடிக்குறிப்புகளை விடவே மாட்டார். "கேக்கறவங்களுக்குப் பார்வைதான் இல்ல, ஆர்வம் இல்லாம இல்ல" என்பார். இரண்டாவது, முன்கூட்டியே படித்துப் பார்த்துவிட்டு வரமாட்டார். மற்ற வாசிப்பாளர்கள் எல்லாரும் வீட்டில் ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் வருவார்கள். அக்காவிடம் கேட்டால், "அடுத்து என்ன நடக்கும்னு எனக்கே தெரிஞ்சிருந்தா, குரல் காட்டிக் குடுத்துடும்மா" என்று முடித்துவிடுவார்.

அந்தப் பிடிவாதத்தால்தான் அது மைக் முன்னால் நடந்தது.

ஒரு பெண் மருத்துவரின் வாழ்க்கை வரலாறு. ஐம்பத்து நான்கு வருடத்துக்கு முன் இதே ஊரில் காலரா பரவியபோது, குடிநீர்தான் காரணம் என்று முதலில் சொன்னவர் அவர். புத்தகம் வெளிவந்து ஆறு மாதத்தில் மூன்று அச்சு கண்டிருந்தது. எழுதியவர் முன்பு பள்ளி ஆசிரியர். இப்போது இம்மாதிரிப் புத்தகங்களால் நல்ல பெயர் எடுத்தவர். நான்காவது நாள், பதினோராம் அத்தியாயம். மருத்துவர் மேட்டுத் தொட்டி நிலையத்துக்கு ஓடுகிறார். ஆற்றிலிருந்து தண்ணீரை ஏற்றி, ஊருக்கு இறக்கிவிடும் இடம் அது. ஊருக்குப் போகும் பெரிய வால்வை மூடச் சொல்லிக் கதவைத் தட்டுகிறார். அக்காவின் குரல் வேகம் பிடித்திருந்தது. நானே நாற்காலி நுனிக்கு வந்துவிட்டேன்.

"இடது கையில் இரண்டு விரல்களை இழந்திருந்த பம்ப் ஆப்பரேட்டர் தள்ளாடியபடி வாசலுக்கு வந்தார். அவர் மூச்சில் மதுவின் நெடி அடித்தது. 'மூட முடியாது' என்று ஒற்றை வரியில் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார். மறுநாள் மேலிடத்து உத்தரவு வந்த பிறகே தண்ணீர் நின்றது. அதற்குள்..."

அக்கா நிறுத்தவில்லை. பக்கத்தை முடித்தார். அத்தியாயத்தை முடித்தார். அடிக்குறிப்பு இரண்டையும் வாசித்தார். ஒரு சொல் தடுக்கவில்லை. பிறகு காதில் இருந்ததைக் கழற்றி வைத்துவிட்டு, தண்ணீரை ஒரே மடக்கில் குடித்தார்.

"ஏம்மா, அந்த விரல் இல்லாத ஆள் வர்ற இடத்தைத் திரும்பப் போடு."

போட்டேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"அது எங்கப்பா" என்றார்.

நான் பதிவை நிறுத்தினேன். "வேற யாராவது இருக்கலாம்க்கா..."

"தொட்டி நிலையம் ஒண்ணு. பம்ப் பெல்ட்ல ரெண்டு விரலை விட்டவரும் ஒருத்தர்தான். எனக்கு அப்ப ஆறு வயசு." கொஞ்ச நேரம் புத்தக அட்டையைத் தடவிக்கொண்டிருந்தார். "அவர் குடிச்சு நான் பாத்ததில்ல. ஆனா ஆறு வயசுல நான் என்னத்தப் பாத்திருப்பேன்?"

வேறு யாராக இருந்தாலும் அன்றைக்கே புத்தகத்தைத் தூக்கி எறிந்திருப்பார்கள். இல்லாவிட்டால் வக்கீலைப் பார்த்திருப்பார்கள். நான்கூட அப்படித்தான் எதிர்பார்த்தேன். அக்கா கேட்டது ஒரே கேள்வி: "நெடி அடிச்சுதுன்னு இவருக்கு எப்படித் தெரியும்?"

பதிப்பகத்திடமிருந்து எண் வாங்கி எழுத்தாளரைக் கூப்பிட்டேன். நூலகத்திலிருந்து என்றதும் சந்தோஷமாக வந்துவிட்டார். சட்டைப் பையில் இரண்டு பேனா, தோளில் கனத்த பை, ஐம்பது வயதிருக்கும். கண்ணாடித் தடுப்புக்கு வெளியே மூன்று நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். அக்கா சுற்றி வளைக்கவில்லை.

"பக்கம் இருநூத்திப் பன்னெண்டுல வர்ற ஆப்பரேட்டரோட பொண்ணு நான்."

மனிதர் கையிலிருந்த தேநீர்க் கோப்பையை எங்கே வைப்பதென்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டார்.

"பயப்படாதீங்க. சண்டைக்குக் கூப்பிடல. எங்கேருந்து எடுத்தீங்கன்னு தெரிஞ்சுக்கணும், அவ்வளவுதான்."

பையைத் திறந்து ஒரு நகல் கட்டை எடுத்தார். மருத்துவர் தம் கடைசிக் காலத்தில், அந்தச் சம்பவத்துக்கு இருபது வருடம் கழித்துச் சொல்லி எழுதவைத்த நினைவுக் குறிப்புகள். அச்சாகாதவை, குடும்பத்தார் கொடுத்தது. உரிய பக்கத்தை விரல் வைத்துக் காட்டினார். அக்கா, பழக்க தோஷம், வாய்விட்டே வாசித்தார்:

"'விரல் இல்லாத ஒருவர் வந்தார். தள்ளாடினார். குடித்திருக்கிறார் என்று நினைத்தேன். மூட மறுத்தார்.'" நிமிர்ந்தார். "நினைத்தேன்னுதானே இருக்கு? நெடி எங்க?"

எழுத்தாளர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "நெடி... நான் சேத்தது."

"சேத்ததுன்னா?"

"படிக்கறவங்களுக்குக் காட்சி வேணும் மேடம். குடிச்சிருந்தார்னு ஒரு வரி சொன்னா தாண்டிப் போயிடுவாங்க. வாசனை, சத்தம்னு ஏதாவது இருந்தாத்தான் கண்ணு முன்னாடி நிக்கும். எல்லாரும் செய்யறதுதான். இத்துனூண்டு உப்பு."

"உங்க உப்பு எங்கப்பா தலையில விழுந்துடுச்சு" என்றார் அக்கா. ஆனால் சிரித்துக்கொண்டே சொன்னார். அந்தச் சிரிப்புத்தான் அவரை உடைத்தது என்று நினைக்கிறேன். "நான் திருத்திடறேன் மேடம். அந்தப் பத்தியையே எடுத்துடறேன்" என்று அவசரமாகச் சொன்னார்.

"எடுக்கறது அப்புறம். முதல்ல என்ன நடந்துதுன்னு தெரிய வேணாமா? மறுநாள்தான் தண்ணி நின்னுதுன்னு எழுதியிருக்கீங்க. அது இந்தக் காகிதத்துல இல்லையே?"

அது பிற்பாடு வந்த ஒரு பத்திரிகைக் கட்டுரையில் இருந்ததாகச் சொன்னார். அந்தக் கட்டுரையாளருக்கு யார் சொன்னது என்று இவருக்குத் தெரியாது. "தொட்டி நிலையத்துல அன்னன்னைக்கு எழுதி வைப்பாங்களே, அதைப் பாத்தீங்களா?" என்றார் அக்கா. ரயில் நிலையத்தில் முப்பத்தோரு வருடம் இருந்தவருக்கு, எந்த அலுவலகத்திலும் யாராவது ஒருவர் மணிக்கொரு தரம் எதையாவது எழுதிக்கொண்டிருப்பார் என்பது தெரியும். எழுத்தாளர் பார்த்திருக்கவில்லை. அப்படி ஒன்று இருக்கும் என்றே அவருக்குத் தோன்றவில்லை.

அடுத்த வாரம் மூவரும் போனோம். குடிநீர் அலுவலகத்தின் உதவிப் பொறியாளர் முப்பது வயதுப் பெண். "பழைய பதிவேடா? பத்து வருஷமா இதை யாரும் கேட்டதில்ல" என்று வியந்து, சாவிக்கொத்தோடு தானே மாடியேறி வந்தார். குளோரின் கிடங்குக்கு மேலே ஒரு தட்டுமுட்டு அறை. துருப்பிடித்த அலமாரிகள், உடைந்த நாற்காலிகள், ஜன்னல் மேல் புறாக்கள். இரண்டு மணி நேரம் தும்மிக்கொண்டே தேடினோம். கடைசியில் எழுத்தாளர்தான் கண்டெடுத்தார். நீளமான, தடித்த அட்டை போட்ட பதிவேடு. மணிக்கொரு வரி. நேரம், ஊர்க்குழாயின் அழுத்தம், குறிப்பு, கையெழுத்து.

அப்பாவின் கையெழுத்தைப் பார்த்ததும் அக்கா அதைத் தொடவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, பொருட்காட்சிக்கு வந்தவர் மாதிரி குனிந்து பார்த்தார்.

முதலில் ஒரு விஷயத்தைக் கவனித்தது பொறியாளர்தான். ஒரு நாளைக்கு மூன்று ஷிஃப்ட், மூன்று ஆட்கள், மூன்று கையெழுத்து இருக்க வேண்டும். அந்த வாரத்தில் நான்கு நாளாக எல்லா வரியிலும் ஒரே கையெழுத்து. காலை, மாலை, இரவு. "மத்த ரெண்டு பேருக்கும் உடம்பு சரியில்லாம போயிருக்கும். நாலு நாளா இவர் வீட்டுக்கே போகல போலிருக்கு" என்றார்.

"தூங்கவும் இல்ல" என்றார் எழுத்தாளர் மெல்ல. "அதான் தள்ளாடியிருக்கார்."

"தள்ளாடியிருக்கலாம்" என்று திருத்தினார் அக்கா. "அப்படியே எழுதுங்க. இருக்கலாம்னு."

நான்காம் நாள் காலை பதினொன்று இருபதுக்கு, மணிக்கணக்கில் அடங்காத ஒரு வரி தனியாக இருந்தது. "டாக்டரம்மா வந்தார். பிரதான வால்வை மூடச் சொன்னார். எழுத்தில் கேட்டேன். இல்லை." அதன்பின் வழக்கம்போல மணிக்கொரு அழுத்தக் கணக்கு. மாலை நான்கு நாற்பதுக்கு இன்னொரு வரி. "வால்வு மூடப்பட்டது. உத்தரவு: இல்லை."

எழுத்தாளர் துள்ளிக் குதிக்காத குறை. "மறுநாள் இல்ல! அன்னைக்கே மூடியிருக்கார். அதுவும் உத்தரவு இல்லாம, தன் பொறுப்புல! மேடம், இது பெரிய விஷயம். இந்தப் பத்தியையே மாத்தி எழுதறேன். அவரை ஒரு வீரர் மாதிரி..."

அக்கா பதினொன்று இருபதிலிருந்து நான்கு நாற்பது வரை விரலை நகர்த்திக்கொண்டிருந்தார். "அஞ்சு மணி இருபது நிமிஷம்" என்றார். "அதுவரைக்கும் தண்ணி போயிட்டுத்தான் இருந்திருக்கு."

திரும்பும் வழியில், என்னை மட்டும் கூட்டிக்கொண்டு தம் அண்ணன் வீட்டுக்குப் போனார். அண்ணன் தங்கையைவிட எட்டு வயது மூத்தவர்; கடிகாரம் பழுது பார்த்தவர்; அதிகம் பேசாதவர். ஜன்னலோரம் உட்கார்ந்து, உருப்பெருக்கிக் கண்ணாடியைக் கண்ணில் பொருத்தியபடி ஏதோ ஒரு பல்சக்கரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். அக்கா எல்லாவற்றையும் சொன்னார். அவர் கண்ணாடியை எடுக்காமலே கேட்டார்.

"எனக்குத் தெரியும்" என்றார் கடைசியில்.

"என்ன தெரியும்?"

"ஆஸ்பத்திரியில கிடந்தப்ப அப்பா சொன்னாரு. 'அந்தம்மா மூணு தடவை கேட்டாங்கடா. நான் காகிதம் குடுங்கன்னு கேட்டேன்'னு. அந்த லைன்லதான் ஆஸ்பத்திரியும் இருக்கு, மூடினா அங்கயும் தண்ணி நின்னுடும்னு பயந்திருக்காரு. உங்கிட்ட சொல்ல வேணாம்னுட்டாரு."

"நாப்பது வருஷமா வாயில பூட்டுப் போட்டு உக்காந்திருக்கியே அண்ணா! சரி, அப்புறம் ஏன் மூடினாராம்? காகிதம் வரவே இல்லையே?"

"சொல்லல."

"நீ கேக்கலையா?"

"கேக்கல."

அக்கா என்னைப் பார்த்தார். "பாத்தியா? ஒரே வயித்துல பொறந்தோம். கேள்வி முழுக்க என் பங்குக்கு வந்துடுச்சு, பொறுமை முழுக்க இவன் பங்குக்குப் போயிடுச்சு." அண்ணன் அப்போதுதான் கண்ணாடியைக் கழற்றினார். கண் சிவந்திருந்தது. "அப்பா அதைச் சொன்னப்ப அழுதுட்டு இருந்தாரும்மா. அதுக்கு மேல எப்படிக் கேக்கறது?" என்றார். அக்கா எழுந்து போய் அவர் தோளில் கை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். பிறகு இருவரும் அப்பாவைப் பற்றி வேறு ஏதேதோ பேசினார்கள். நான் கடிகாரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொன்றும் ஒரு நேரம் காட்டியது.

இரண்டு நாள் கழித்து எழுத்தாளர் திருத்திய பத்தியோடு வந்தார். அழகாகத்தான் எழுதியிருந்தார். நான்கு நாள் உறக்கமில்லாத உழைப்பாளி, தன் வேலையைப் பணயம் வைத்து வால்வை மூடுகிறார். மருத்துவரிடம் மறுத்தது "சற்றே தயங்கினார்" என்று சுருங்கியிருந்தது.

அக்கா சிவப்புப் பேனா கேட்டு வாங்கினார். "தயங்கினார்" என்பதை அடித்துவிட்டு, "மறுத்தார்" என்று எழுதினார்.

"மேடம், உங்களுக்காகத்தான்..."

"எனக்காக எழுதாதீங்க. போன தடவை படிக்கறவங்களுக்காகக் கொஞ்சம் சேத்தீங்க. இந்தத் தடவை எனக்காகக் கொஞ்சம் கொறைக்கறீங்க. நடுவுல அவர் எங்க போனாரு? அந்தம்மா மூணு தடவை கெஞ்சியிருக்காங்க. இவர் மறுத்திருக்காரு. அப்புறம் மூடியிருக்காரு. ஏன்னு தெரியாது. தெரியாதுன்னே போடுங்க. எங்கண்ணன் சொன்னதையும் போடுங்க, மகன் சொன்னதுன்னு. அழுதாருங்கறதை மட்டும் விட்டுடுங்க. அது எங்க வீட்டோட இருக்கட்டும்."

எழுத்தாளர் பேனா மூடியைத் திறந்தார். "தெரியாதுன்னு எழுதறதுதான் மேடம் எங்களுக்குக் கஷ்டமான வேலை" என்றார். எழுதினார். நெடி போயிற்று. மறுநாள் போயிற்று. மறுத்தது இருந்தது. நான்காம் அச்சில் அடிக்குறிப்பு ஒன்று நீளமாகச் சேர்ந்தது.

அந்தப் பத்தியை வேறு யாரையாவது வைத்துப் பதிவு செய்யலாமா என்று தயக்கத்தோடு கேட்டேன். "ஏன், என் குரலுக்கு என்ன குறைச்சல்?" என்று அக்கா மைக் முன் உட்கார்ந்துவிட்டார். ஒரே டேக்கில் முடித்தார். நான் வெட்ட வேண்டியது எதுவும் இருக்கவில்லை. முடித்ததும், "நல்லா இருந்துதா?" என்று கேட்டார். அதற்கு முன் ஒரு நாளும் அவர் அப்படிக் கேட்டதில்லை.

கதை இதோடு முடிந்தது என்றுதான் நான் நினைத்தேன். பதிவு வெளிவந்த மூன்றாம் வாரம் நூலகத்துக்கு ஒரு தொலைபேசி. எங்கள் வாசகர், பிறவியிலேயே பார்வை இல்லாதவர், ஒரு மருத்துவமனையில் உடற்பயிற்சி சிகிச்சை கொடுப்பவர். நோயாளிகளின் தோளையும் முட்டியையும் நாள் முழுக்கத் திருப்பிக்கொண்டே இருப்பவர்.

"அந்த வால்வு எவ்வளவு பெருசு? எத்தனை சுத்து சுத்தணும்?" என்றார். "நாலு நாளா தூங்காத மனுசன், அதுவும் ஒரு கையில ரெண்டு விரல் இல்ல. எப்படித் திருப்பினாருன்னு யாரும் சொல்லலையே?"

நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா எழுத்தாளரைக் கூப்பிட்டார். எழுத்தாளருக்கும் தெரியவில்லை. அப்புறம் என்ன, ஒரு சனிக்கிழமை காலை வாசகர்கள் எட்டுப் பேர், அக்கா, எழுத்தாளர், நான் எல்லாரும் தொட்டி நிலையத்துக்குப் போனோம். அண்ணனும் வந்தார், யாரும் கூப்பிடாமல், சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு வந்து நின்றார். பழைய வால்வு இப்போது பயனில் இல்லை. குழாயைத் துண்டித்துவிட்டு, அப்படியே விட்டுவைத்திருக்கிறார்கள். பொறியாளர் அதற்கு எண்ணெய் போட்டுத் தயாராக வைத்திருந்தார்.

படியிறங்கினால் ஒரு குழி. நடுவில், வண்டிச் சக்கரம் அளவுக்கு ஓர் இரும்புச் சக்கரம். வாசகர்கள் ஒவ்வொருவராகத் தொட்டுப் பார்த்தார்கள். சிகிச்சையாளர் ஆரக்கால்களை எண்ணினார், விளிம்பின் தடிமனை விரலால் அளந்தார். பிறகு சட்டைக் கையை மடக்கிக்கொண்டு திருப்ப ஆரம்பித்தார். ஆள் மாற்றி ஆள் திருப்பினோம். கால்வாசி மூடுவதற்குள் பதினெட்டு நிமிடம். எல்லாருக்கும் வியர்த்துக் கொட்டியது.

"வேகமா மூடினா என்ன?" என்று கேட்டார் அக்கா.

"கூடாது. ஓடற தண்ணிய சட்டுன்னு நிறுத்தினா, அது திருப்பி அடிச்சுக் குழாய் வெடிச்சிடும். தனி ஆளா மூடினா ஒரு மணி நேரத்துக்கு மேலேயே ஆகும்" என்றார் பொறியாளர்.

சிகிச்சையாளர் சக்கரத்திலிருந்து கையை எடுத்தார். "அப்போ நாலு நாப்பதுங்கறது முடிச்ச நேரம்தானே? எப்ப ஆரம்பிச்சாரு?"

எழுத்தாளர் தம் கைபேசியில் பதிவேட்டின் படத்தைத் தேடி எடுத்தார். அழுத்தக் கணக்கை வாசித்தார். பன்னிரண்டு மணிக்கு 58. ஒரு மணிக்கு 58. இரண்டுக்கு 57. மூன்றுக்கு 58. நான்குக்கு 31. இத்தனை நாள் எங்கள் எல்லாருடைய கண்ணிலும் பட்டும் படாமல் போன எண்.

"பாதிக்கு மேல மூடினாத்தான் அழுத்தம் இவ்வளவு இறங்கும்" என்றார் பொறியாளர். "நாலு மணிக்கே பாதியைத் தாண்டியிருக்காரு. மூணு, மூணேகாலுக்கே ஆரம்பிச்சிருக்கணும். நடுவுல ஏறிப் போய் அழுத்தத்தை எழுதிட்டு, திரும்ப வந்து திருப்பியிருக்காரு."

"சக்கரத்தை விட்டுட்டு எழுதப் போனாரா?" என்றார் சிகிச்சையாளர், ஆச்சரியத்தோடு.

அண்ணன் அதுவரை ஓரமாக நின்றிருந்தவர், முதல் தடவையாக வாயைத் திறந்தார். "மணியடிச்சா எழுதணும்னு இருந்தவருங்க அவரு" என்றார்.

எழுத்தாளர் பேனாவைத் தேடிச் சட்டைப் பையைத் தடவினார். அக்கா சக்கரத்தின் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு குழியின் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். "மூணுலேருந்து மூணேகாலுக்குள்ள என்னமோ நடந்திருக்கு" என்றார். "யாராவது வந்திருப்பாங்களா? இல்ல, இவராவே யோசிச்சு முடிவு பண்ணினாரா?"

அதற்கு இன்றுவரை பதில் கிடைக்கவில்லை. ஐந்தாம் அச்சில் அடிக்குறிப்பு இன்னும் நான்கு வரி நீண்டது. அதில் அந்த எண்ணும் அதைக் கண்டுபிடிக்கக் காரணமாக இருந்த வாசகரின் கேள்வியும் இருக்கின்றன. அந்த மாதத்தில் வேறு யாராவது தொட்டி நிலையத்தில் வேலை பார்த்தார்களா என்று எழுத்தாளர் இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறார். அக்கா இப்போது வாசிப்பது நிலநடுக்கத்தை அளக்கும் கருவி செய்த ஒருவரின் கதை. நேற்று நாற்பதாம் பக்கத்தில் ஒரு சமையல்காரர் வருகிறார், இரண்டே வரிதான். பதிவு முடிந்ததும் அக்கா கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்தே என்னைக் கேட்டார்: "ஏம்மா, இந்தாளு அப்புறம் என்ன ஆனாராம்? போட்டிருக்கா, இல்லையா?"